எனக்குக் காற்றே போதும்

என் கம்ப்யூட்டருக்குத் தண்ணீர்க் கூலர் வேண்டாம், காற்றுக் கூலரே போதும் என்று நான் சொன்னபோது அத்தான் கடையில் மூன்று பேர் சிரித்தார்கள். அத்தான், அவருடைய டெக்னீஷியன், கீபோர்டு வாங்க வந்திருந்த யாரோ ஒருவர். முதல் இரண்டு பேரை விட்டுவிடலாம். அந்தக் கீபோர்டு ஆள் சிரித்ததில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கம்ப்யூட்டர் சூடானால் அவருக்கு என்ன, குளிர்ந்தால் அவருக்கு என்ன?

அத்தான் என் அக்கா வீட்டுக்காரர். இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் உள்ளே அவர் கடை ஸ்டிக்கர் இருக்கும். நல்ல மனிதர். ஆனால் தான் ஒன்றைச் சொல்லி, எதிரில் இருப்பவர் அதைக் கேட்காவிட்டால் அவருக்குக் காய்ச்சலே வந்துவிடும்.

"இங்க பாரும்மா, நீ வாங்கியிருக்கிறது இருபத்து நாலு கோர் ப்ராசஸர். அது யானை. யானைய டேபிள் ஃபேன் வெச்சுக் குளிர வைக்க முடியுமா?" என்றார்.

"யானைக்கு யாரும் ஏசி போட்டு நான் பாத்ததில்ல அத்தான்," என்றேன்.

டெக்னீஷியன் இந்த முறை எனக்காகச் சிரித்தான். அத்தான் பார்த்த பார்வையில் உடனே நிறுத்திக்கொண்டான்.

நான் செய்யும் வேலையைச் சொன்னால்தான் என் பிடிவாதம் புரியும். இன்னும் கட்டாத கட்டடங்களுக்குள் ஆட்களை நடக்க வைப்பது என் தொழில். ஆர்கிடெக்ட் வரைபடம் கொடுப்பார். அதில் நான் சுவர் எழுப்பி, தரை பதித்து, ஜன்னல் வழியாக வெயிலை உள்ளே விட்டு, நாற்காலி மேசை போட்டு, வாசலிலிருந்து மாடி வரை நடந்து போவது போல ஒரு சின்னப் படம் எடுத்துக் கொடுப்பேன். ஒரு நொடிப் படத்துக்கு இருபத்தைந்து ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளி எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று ப்ராசஸர் உட்கார்ந்து கணக்குப் போடும். ஒரு நிமிஷப் படம் என்றால் ஆயிரத்து ஐந்நூறு ஃபிரேம். கம்ப்யூட்டர் இரவு பகல் பாராமல் இரண்டு நாள் மூச்சு விடாமல் ஓட வேண்டும். பாதியில் நின்றால் என் பிழைப்பும் பாதியில் நிற்கும்.

பதினோரு வருஷம் இந்த வேலையை ஒரு அலுவலகத்தில் செய்தேன். முதலாளிக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் பதினெட்டு. அவர் அறை ஏசி எப்போதும் பதினெட்டில் இருக்கும். அந்தக் குளிர் எங்கள் அறைக்கும் வந்து, பெண்கள் எல்லோரும் சால்வை போர்த்திக்கொண்டு வேலை பார்ப்போம். அங்கே எல்லா மெஷினுக்கும் தண்ணீர்க் கூலர்தான். ஒரு சனிக்கிழமை என் மெஷினில் அந்தத் தண்ணீரைச் சுற்ற வைக்கிற பம்ப் செத்துப்போனது. ஓடிக்கொண்டிருந்த படம் நின்றுவிட்டது. திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் பதினெட்டு கேட்டார்: "மெஷின ஓட விட்டுட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினா இப்படித்தான். வேலைல அக்கறை இருந்தா வந்து பாத்திருப்பீங்க."

ராஜினாமாக் கடிதத்தை அன்றே, அதே மெஷினில், புது பம்ப் மாட்டிய பிறகு அடித்துக் கொடுத்தேன். அவர் அதைப் படிக்கக்கூட இல்லை. "மூணு மாசம். அதுக்குள்ள திரும்பி வருவீங்க. உங்க நாற்காலிய யாருக்கும் குடுக்க மாட்டேன்," என்று மட்டும் சொன்னார். இதைவிட என்னை அடித்திருக்கலாம்.

இரண்டு மாதம் ஓடிவிட்டது. அலுவலகத்தில் கொடுத்த கடைசித் தொகையில் ப்ராசஸர், போர்டு, மெமரி எல்லாம் வாங்கியாகிவிட்டது. முதல் வேலையும் என் பெயரிலேயே வந்திருந்தது: ஒரு நூலகக் கட்டடம், ஒரு நிமிஷப் படம். கொடுத்தவர் ஒரு பெண் ஆர்கிடெக்ட். ஆர்கிடெக்ட் அம்மா என்றுதான் எல்லோரும் சொல்வோம். அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் படம் அவர் கையில் இருக்க வேண்டும். அது நன்றாக அமைந்தால் அவர் வரையும் கட்டடமெல்லாம் என்னிடம் வரும். அமையாவிட்டால் எனக்கு வேறு ஆளைத் தெரியாது, பதினெட்டைத் தவிர.

கூலருக்கு மிஞ்சியிருந்த பணத்தில் அத்தான் சொன்ன தண்ணீர்க் கூலரின் ஒரு குழாயைத்தான் வாங்க முடியும். ஆனால் பணம் இருந்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன். பம்ப் என்றால் இன்னொரு மோட்டார், இன்னொரு தலைவலி. காற்றுக் கூலரில் கெட்டுப்போக என்ன இருக்கிறது? செம்புக் குழாய், அலுமினியத் தகடுகள், இரண்டு ஃபேன். ஃபேன் நின்றால் கண்ணுக்குத் தெரியும். பத்து நிமிஷத்தில் வேறு மாட்டலாம்.

நான்கு நாள் அதிலேயே கிடந்தேன். யார் யாரோ சோதித்து எழுதியிருந்ததை எல்லாம் படித்தேன். பிரபலமான கூலர்களைவிட, தகடுகள் இரண்டு கோபுரமாக நிற்கும், பெயர் கேள்விப்படாத ஒரு கம்பெனியின் காற்றுக் கூலர் இரண்டு டிகிரி சூடுதான் அதிகம் காட்டியது. விலையோ பாதிக்கும் கீழே. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் அது நிற்குமா என்பதுதான் கேள்வி. ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். போர்டிலிருந்து பக்கவாட்டு மூடி வரை நூற்று அறுபது மில்லிமீட்டர். கூலர் நூற்று ஐம்பத்தேழு. மூன்று மில்லிமீட்டர் மிச்சம். ஆனால் முன்பக்க ஃபேன் மெமரிக்கு மேலே நிற்கும். மெமரி உயரமாக இருந்தால் ஃபேனைத் தூக்கி மாட்ட வேண்டிவரும், மூடி சாத்தாது. அதனால் கலர் கலராக லைட் எரியும் மெமரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குட்டையான, லைட் இல்லாத மெமரி வாங்கினேன்.

"லைட் இல்லாத மெமரியா?" என்றார் அத்தான். ஏதோ நான் துக்க வீட்டுக்கு மெமரி வாங்கினதுபோல.

கூலரை வேறு கடையில் வாங்கியது அவருக்கு அதைவிடப் பெரிய வருத்தம். ஆனாலும் அசெம்பிள் செய்யத் தன் மேசையைக் கொடுத்தார். நானே மாட்டினேன். கூலர் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்து, சூட்டைக் கடத்தும் பேஸ்டைப் பட்டாணி அளவு வைத்து, நான்கு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். கையெல்லாம் சாம்பல் நிறப் பேஸ்ட். கழுவிவிட்டு வருவதற்குள் அத்தான் மெஷினை ஆன் செய்து டெஸ்டை ஆரம்பித்துவிட்டிருந்தார்.

அந்த டெஸ்ட் அவர் கடையின் பெருமை. ஐந்து நிமிஷம் ப்ராசஸரை ஓட விரட்டி, எத்தனை மார்க் வாங்கியது என்று பார்ப்பார். அந்த மார்க்கைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து, கடை முத்திரை குத்தி, கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் ஒட்டிக் கொடுப்பார். பிள்ளைகளைப் பெற்றவர்கள் அதைக் கிழிக்காமல் வைத்திருப்பார்கள். என் மெஷின் முப்பத்தெட்டாயிரத்து நானூறு வாங்கியது.

"பாரு, ஃபேனை வெச்சுக்கிட்டே முப்பத்தெட்டு எடுத்துக் குடுத்திருக்கேன்," என்று அத்தானே ஆச்சரியப்பட்டார். மாட்டியது நான். ஆனால் மார்க் அவருடையது. போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் நூலகத்தை ஓட விட்டேன். முதல் நிமிஷத்திலேயே சூடு நூறு டிகிரி காட்டியது. ஃபேன் இரண்டும் அலறின. பார்த்துக்கொண்டே இருந்தேன். இருபத்தைந்தாவது ஃபிரேம் முடிந்தபோது, சரியாக நாற்பது நிமிஷத்தில், ஸ்கிரீன் கறுத்து மெஷின் செத்தது. ஆற விட்டு மறுபடி போட்டேன். அரை மணி நேரம். மூன்றாவது முறை இருபது நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

கூலர் சரியில்லையா, மாட்டிய என் கை சரியில்லையா? இந்த இரண்டில் எது உண்மையானாலும் அந்த மூன்று பேர் சிரித்தது சரி என்று ஆகிவிடும்.

என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். அதிகம் பேச மாட்டார். சாயங்காலம் வந்து, மெஷின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "தேய்க்கும்போது கண்ணாடி சூடானா நாங்க அழுத்தத்தக் குறைச்சுக்குவோம்," என்றார்.

"இது கண்ணாடி இல்ல."

"இல்லதான். சும்மா சொன்னேன்."

"சும்மா சொல்றதுக்கா வேலை முடிஞ்சு வந்தீங்க?"

அவர் பாவம், தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். நான் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆத்திரத்தில் அழுதேன்.

சனிக்கிழமை காலை கடை திறக்கும்போதே மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். அக்காவும் அன்றைக்குக் கடையில் இருந்தாள். அத்தான் முகத்தில் ஒரு நிமிஷம் சந்தோஷம் வந்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன். அதை அவர் மறைக்கப் பார்த்தார் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

"அடியில இருந்த பிளாஸ்டிக்க உரிச்சியா?" என்பதுதான் முதல் கேள்வி. அதை உரிக்காமல் மாட்டினால் ப்ராசஸர் சூடு கூலருக்கு ஏறாது.

பையிலிருந்து என் நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் திறந்து காட்டினேன். உரித்த பிளாஸ்டிக் தாளை முதல் பக்கத்தில் ஒட்டி, தேதி எழுதி வைத்திருந்தேன். இப்படி ஒரு கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும்.

அத்தான் உள்ளே போய்ப் பெரிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். தண்ணீர்க் கூலர். "இதப் போட்டு எடுத்துட்டுப் போ. காசப் பத்தி நான் கேட்டேனா? நீ என் வீட்டுப் பொண்ணு."

"வேண்டாம் அத்தான்."

அக்கா என் கையைப் பிடித்தாள். "திங்கக்கிழமை காலையில அந்தம்மா முகத்துல எப்படி முழிப்ப? உன் வீம்புக்கு ஒரு அளவு இல்லையாடி? தண்ணியோ காத்தோ, ஓடினாப் போதாதா?"

அவள் கேட்டது நியாயமான கேள்வி. நாற்பத்தேழு மணி நேரம்தான் கையில் இருந்தது. படம் முடிய நாற்பத்தொரு மணி நேரமாவது வேண்டும். அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு போயிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் ஏன் நிற்கிறது என்று தெரியாமல் இன்னொரு பொருளை அதன் தலையில் ஏற்றுவதில் எனக்கு விருப்பமில்லை. நான் அங்கே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, நகர மாட்டேன் என்றேன்.

அத்தானுக்குக் கோபம். என்னை விட்டுவிட்டு அன்றைக்குக் கொடுக்க வேண்டிய வேறொரு மெஷினைப் பார்க்கப் போனார். யாரோ ஒரு டைப்பிங் சென்டருக்கான சாதாரண மெஷின். உள்ளங்கை அளவுக்கு ஒரே ஒரு ஃபேன். ஆன் செய்தார். ஸ்கிரீனில் மூன்று படங்கள் வந்தன: ஒரு சின்ன ஃபேன், ஒரு உயரமான கோபுரம், ஒரு தண்ணீர்க் கூலர். அத்தான் டெக்னீஷியனிடம் ஏதோ பேசிக்கொண்டே, ஸ்கிரீனைப் பார்க்காமல், மூன்றாவது படத்தைத் தட்டிவிட்டார்.

"அத்தான், இப்ப என்ன தட்டினீங்க?"

"எதைக் கேக்குற?"

"மூணு படம் வந்துச்சே. மூணாவதத் தட்டினீங்க."

"அது எப்பவும் தட்டுறதுதான். புது போர்டை முதல் தடவை ஆன் பண்ணினா கேக்கும்."

"என்ன கேக்கும்?"

"என்ன கூலர் போட்டிருக்கன்னு கேக்கும்."

"இதுல இருக்கிறது சின்ன ஃபேன்தானே?"

"ஆமா. ஆனா மூணாவதத் தட்டினாத்தான் மார்க் ஏறும்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தொழில் ரகசியம் சொல்கிற பெருமை இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளர் தன் நண்பர் மெஷினைவிடத் தன்னுடையது ஆயிரம் மார்க் குறைவு என்று வந்து சண்டை போட்டாராம். அன்றிலிருந்து எல்லா மெஷினுக்கும் மூன்றாவதுதானாம்.

நான் ஸ்டூலிலிருந்து எழுந்தேன். என் மெஷினை அங்கேயே ஒரு ஸ்கிரீனில் மாட்டி, ஆன் ஆகும்போது டெலீட் கீயைத் தட்டி, போர்டின் செட்டிங் பக்கத்துக்குள் போனேன். கூலர் என்ற இடத்தில் தண்ணீர் என்று இருந்தது. அதற்குக் கீழே, ப்ராசஸர் எவ்வளவு மின்சாரம் எடுத்துக்கொள்ளலாம் என்ற இடத்தில் எழுதியிருந்ததை மூன்று முறை படித்தேன். நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு வாட்.

"அக்கா, உன் இஸ்திரிப் பெட்டி எத்தனை வாட்?"

"ஆயிரம். ஏன்?"

"அத்தான் என் மெஷினுக்குள்ள நாலு இஸ்திரிப் பெட்டிக்குப் பர்மிஷன் குடுத்திருக்கார்."

உண்மையில் அது எல்லை கிடையாது என்பதற்கான எண். எந்த ப்ராசஸரும் அவ்வளவு எடுக்காது. எடுக்கிறவரை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டால், சூடு நூறைத் தொடும்வரை எடுத்துத் தள்ளும். ஐந்து நிமிஷ டெஸ்டில் இது தெரியாது. கடையில் ஏசி ஓடுகிறது, பெட்டியின் மூடி திறந்திருக்கிறது. மூடியைச் சாத்திக்கொண்டு நாற்பது நிமிஷம் ஓட விட்டால்தான் தெரியும். அவர் கடையில் எந்த மெஷினும் நாற்பது நிமிஷம் ஓடியதில்லை.

நான் இரண்டாவது படத்தை, கோபுரத்தைத் தேர்ந்தெடுத்தேன். அது சொன்ன எண்ணும் எனக்கு அதிகமாகப் பட்டது. அதையும் அழித்துவிட்டு இருநூறு என்று நானே அடித்தேன். அழுத்தத்தைக் குறைப்போம் என்று என் வீட்டுக்காரர் சொன்னதுதான் மனதில் இருந்தது. அவர் சொன்னது சரி என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

மூடியைச் சாத்தி நூலகத்தை ஓட விட்டேன். எழுபது, எழுபத்தெட்டு, எண்பத்திரண்டு, எண்பத்து நாலு. அங்கேயே நின்றது. முன்பு ஒரு ஃபிரேமுக்குத் தொண்ணூற்றேழு நொடி ஆனது, இப்போது நூற்றொன்று. வித்தியாசம் நான்கு நொடி.

அத்தான் பக்கத்தில் வந்து நின்று தன் டெஸ்டை ஒரு முறை போடச் சொன்னார். அவர் மனம் கோணாமல் இருக்கட்டும் என்று போட்டேன். முப்பத்தாறாயிரம்.

"ரெண்டாயிரத்து நானூறு மார்க் போச்சே," என்றார், நிஜமான வருத்தத்தோடு.

"என் மெஷின் பரீட்சை எழுதல அத்தான். வேலை செய்யுது."

பெட்டியின் மேல் ஒட்டியிருந்த மார்க் தாளை நகத்தால் சுரண்டிக் கிழித்து அவர் மேசையிலேயே வைத்துவிட்டு, ஆட்டோவில் மெஷினை ஏற்றினேன். கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் ஒரு ராத்திரி அழுகைக்கு எனக்கு அவ்வளவாவது வேண்டியிருந்தது.

மதியம் இரண்டு மணிக்கு வீட்டில் ஓட ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அத்தான் வந்தார், கையில் அதே தண்ணீர்க் கூலர் பெட்டியோடு. "எதுக்கும் இருக்கட்டும்னு கொண்டாந்தேன்," என்றார். நாற்காலியை இழுத்து மெஷினுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். மெஷினின் பின்பக்கம் வரும் காற்றில் கையை வைத்துப் பார்த்தார். ஸ்கிரீனில் எண்பத்து நாலைப் பார்த்தார். எண்பத்தைந்து ஆனபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுபடி எண்பத்து நாலு ஆனது. டீ கொடுத்தேன், குடித்தார். ஒரு மணி நேரம் ஆனது, இரண்டு மணி நேரம் ஆனது. அது ஏறவில்லை. பெட்டி அவர் காலடியில் பிரிக்காமலே கிடந்தது.

"ஒன்பது பேர்," என்றார் திடீரென்று.

"யாரு?"

"மெஷின் சூடாகுது, நின்னு போகுதுன்னு வந்தவங்க. காத்துக் கூலரத் தூக்கிப் போட்டுட்டுத் தண்ணிக் கூலர் மாத்திக் குடுத்தேன். காசு வாங்கித்தான்."

எனக்குக் கோபம் வந்தது, உண்மையான கோபம். சிரித்ததற்காக வந்த கோபம் இல்லை இது. யாரோ ஒன்பது பேர், என்னைப் போல எதையோ விட்டுவிட்டு எதையோ வாங்கியவர்களாக இருக்கலாம். தங்கள் கூலர்தான் மட்டம், தங்கள் புத்திதான் மட்டம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

"நான் யாரையும் ஏமாத்தலம்மா. எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சு செஞ்சிருந்தா உங்களுக்கு டீ குடுத்திருக்க மாட்டேன்."

"நீ யார்கிட்டயும் சொல்லாத."

"சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க. ஒன்பது பேருக்கும் போன் பண்ணி, இது என் தப்பு, உங்க கூலர் மேல தப்பு இல்லன்னு சொல்லுங்க. நீங்க சொல்லலேன்னா அப்புறம் நான் சொல்லுவேன்."

"இருபது வருஷக் கடை. பேர் கெட்டுப் போயிடும்."

"அப்படின்னா கெடட்டும் அத்தான்."

இப்படி அவரிடம் நான் பேசியதே கிடையாது. அவர் என் கல்யாணத்துக்கு முன்நின்றவர். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து போனார். வாசல் வரை போய் வழியனுப்பவில்லை நான். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது. ஆனால் மறுபடி அதே நாள் வந்தாலும் அதையேதான் சொல்லுவேன்.

திங்கட்கிழமை காலை ஏழே கால் மணிக்குக் கடைசி ஃபிரேம் முடிந்தது. ஆயிரத்து ஐந்நூறும் இருந்தன. ஒட்டி, ஒரு முறை முழுதாகப் பார்த்து, எட்டரை மணிக்கு ஆர்கிடெக்ட் அம்மாவுக்கு அனுப்பினேன்.

பத்தரைக்கு அக்கா போன் செய்தாள். "உங்க அத்தான் கடையக்கூடத் திறக்காம உக்காந்து யார் யாருக்கோ போன் பண்ணி மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருக்கார். ஒருத்தர் கண்டபடி திட்டிட்டார் போல. நீ என்னடி சொன்ன அவர்கிட்ட?"

"எத்தனை பேர் ஆச்சு?"

"நாலோ அஞ்சோ. ஏன், எண்ணிக்கிட்டா இருக்க?"

அவளுக்குப் பதில் சொல்வதற்குள் இன்னொரு போன் வந்தது. ஆர்கிடெக்ட் அம்மா.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. நூலகக் கமிட்டிக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த மூச்சிலேயே, "ஆனா குழந்தைங்க பகுதிய வலது பக்கம் மாத்தச் சொல்றாங்க. ஜன்னலும் மாறுது. பாதிப் படம் புதுசா எடுக்கணும். நாளைக்குள்ள குடுத்துடுவீங்களா?"

"நாளைக்கு முடியாதும்மா."

"அப்படியா." கொஞ்சம் தயங்கினார். "தப்பா நினைக்காதீங்க, அவசரத்துல உங்க பழைய ஆபீஸ்லயும் கேட்டுப் பாத்தேன். அவங்க நாளைக்குத் தர்றேங்கறாங்க."

முடியும் என்று மாற்றிச் சொல்லத்தான் வாய் வந்தது. பதினோரு வருஷமாகப் பழகிய வாய். முடியாது என்பதை அது இதற்கு முன் எந்தத் திங்கட்கிழமையும் சொன்னதில்லை. மனதுக்குள் கணக்குப் போட்டேன். மாடலை மாற்ற ஒரு நாள். எழுநூற்று ஐம்பது ஃபிரேம், தலா நூற்றொரு நொடி, இருபத்தொரு மணி நேரம். சரிபார்க்க அரை நாள். என் மெஷின் எவ்வளவு தாங்கும் என்பது இப்போது எனக்குத் தெரியும். நான் எவ்வளவு தாங்குவேன் என்பதும் தெரியும்.

"அவங்க தருவாங்கம்மா," என்றேன். "மூணு பேரை வீட்டுக்குப் போக விடாம உக்கார வெச்சுத் தருவாங்க. அந்த மூணு பேர்ல ஒருத்தியா நான் இருந்திருக்கேன். நான் வியாழக்கிழமை காலையில தர்றேன். அதுக்கு முன்னாடின்னு சொன்னா அது பொய். உங்களுக்கு நாளைக்கே வேணும்னா அவங்களுக்கே குடுத்துடுங்க. எனக்கு வருத்தம் இருக்கும், ஆனா நாள் மாறாது."

மறுமுனையில் ஏதோ காகிதம் புரட்டும் ஒலி கேட்டது. என்னிடம் இருந்த ஒரே வேலையை நானே தூக்கி எறிந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் வாயைத் திறந்து ஒரு நாளைக்கூடக் குறைக்கவில்லை.

"வியாழக்கிழமை காலை எத்தனை மணிக்கு?" என்றார் ஆர்கிடெக்ட் அம்மா.

"பத்து மணிக்கு."

"சரி. புது வரைபடம் இப்ப அனுப்பறேன்."

வரைபடம் வந்தது. திறந்து பார்த்தேன், மூடிவிட்டேன். மெஷினை அணைத்தேன், போனையும் அணைத்தேன். திங்கட்கிழமை, நண்பகல் பன்னிரண்டு மணி, தெருவில் ஊரே வேலைக்குப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. நான் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தேன். யாரிடமும் கேட்காமல், ஐந்து மணி வரை தூங்கினேன்.